நன்றியும் சரிதமும்

பெர்ல் பக் என்ற பெயரைச் சொன்னாலே தீவிர வாசகரின் முகம் கொஞ்சம் சுளிக்கத்தான் செய்யும். 1938ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தது பரிசுக் குழுவின் பெரிய சறுக்கல்களில் ஒன்று என்பது ஏறக்குறைய முடிவு கட்டப்பட்டுவிட்ட விஷயம். ஜாய்ஸுக்குக் கிடைக்கவே இல்லை, ஃபாக்னர் 1949ஆம் ஆண்டின் பரிசு வரை காத்திருக்க வேண்டியிருந்தது, இந்த அம்மாளுக்கு மட்டும் 46 வயதிலேயே கிடைத்துவிட்டது என்ற ஆதங்கத்தில் நியாயம் உண்டு. நாவல்களைப் பொறுத்தவரை எனக்கும் பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. ‘தி குட் எர்த்’தின் முதல் பாதிக்குப் பிறகு அவர் எழுதிக் குவித்தவற்றில் திரும்பப் படிக்கத் தோன்றுவது சொற்பம். ஆனால் அந்தப் பரிசு அறிவிப்பு சீன விவசாய வாழ்வைப் பற்றிய நாவல்களோடு நின்றுவிடவில்லை. அவருடைய வாழ்க்கைச் சரிதங்களையும் சேர்த்தே குறிப்பிட்டது. கேலி செய்கிறவர்களில் இந்தச் சரிதங்களைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம்.

அவை இரண்டு. இரண்டும் 1936ல் வெளிவந்தவை. ‘தி எக்ஸைல்’ தாயைப் பற்றியது. ‘ஃபைட்டிங் ஏஞ்சல்’ தந்தையைப் பற்றியது. இருவரும் அமெரிக்கத் தெற்கத்திய பிரஸ்பிட்டேரியன் சபையால் 1880ல் சீனாவுக்கு அனுப்பப்பட்ட மிஷனரிகள். தந்தை அப்சலோம் ஸைடன்ஸ்ட்ரிக்கர், தாய் காரலைன். புத்தகங்களில் ஆண்ட்ரூ, கேரி என்று வருகிறார்கள். ஒரே வீடு, ஒரே வருஷங்கள், பல இடங்களில் ஒரே சம்பவங்கள். எழுதியவரும் ஒருவரே. ஆனால் ஒன்று நன்றியில் எழுதப்பட்ட புத்தகம். மற்றது அப்படி அல்ல. நன்றியில்லாமல் எழுதப்பட்டதே உயர்ந்த புத்தகம் என்பது என் கட்சி. இது சௌகரியமான முடிவு அல்ல என்று எனக்குத் தெரியும்.

முதலில் மிஷனரி எழுத்து என்ற ஜாதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதன் புராட்டஸ்டண்ட் வடிவம் உருவானது நம் கடற்கரையில்தான். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் புளூட்சௌவும் எழுதிய கடிதங்களை ஜெர்மனியில் ஹல்லே நகரத்தில் 1710லிருந்து அச்சிட்டுப் பரப்பினார்கள். படித்தவர்கள் உருகினார்கள், பணம் அனுப்பினார்கள், பணம் கப்பலில் வந்தது, அதற்கு நன்றி சொல்லி அடுத்த கடிதம் போனது. பிறகு வந்த மிஷன் சங்கங்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்தச் சக்கரத்தைத்தான் சுற்றின. இதில் கபடம் எதுவும் இல்லை. தூரதேசத்தில் ஒரு குடும்பம் சாப்பிட வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் நன்றி என்பது ஒரு உணர்ச்சியாக மட்டும் இருக்க முடியாது. கணக்கு வழக்கின் ஒரு பகுதியாகவும் ஆகிவிடுகிறது. காய்ச்சல் வந்தால் அது தீர்ந்ததற்கு நன்றி. குழந்தை செத்தால் அதைத் தாங்கும் பலம் கிடைத்ததற்கு நன்றி. ஊரில் கல்லெறிந்தால், எறிந்த கூட்டத்தில் ஒருவன் மனம் திரும்பியதற்கு நன்றி. எதுவும் நன்றியில் போய் முடிந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருக்கும் இடத்தில் தினசரி வாழ்க்கை தன் சொந்தக் கனத்தோடு நிற்க முடியாது. சாட்சி சொல்லும் வேலைக்கு அது அமர்த்தப்பட்டுவிடுகிறது.

கேரியின் வாழ்க்கையோ முழுக்க முழுக்கத் தினசரி வாழ்க்கை. ஆண்ட்ரூ கழுதை மேலும் படகிலுமாக மாதக் கணக்கில் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தவர். வீடு என்று ஒன்று இருந்தால் அது கேரி இருந்த இடம்தான். ஹாங்ஜோ, ஸுஜோ, ஜென்ஜியாங், ச்சிங்ஜியாங்பூ என்று ஊர் மாற்றி ஊர். போன இடத்திலெல்லாம் தரையைத் தேய்த்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை தைத்து, ரோஜாப் பதியன் வைத்தாள். சகோதரன் கொடுத்த ஆர்கன் ஒன்று கூடவே போயிற்று. மாண்ட்கோமரி வார்ட் கம்பெனியின் தபால் விற்பனைப் பட்டியலைப் புரட்டி, சீனாவில் கிடைக்காத சாமான்களுக்கு ஆர்டர் எழுதி, பெட்டி வரும் நாளுக்காகக் குடும்பமே மாதக் கணக்கில் காத்திருக்கும். பெற்ற ஏழு குழந்தைகளில் நான்கு குழந்தைப் பருவத்திலேயே இறந்தன. காலராவும் காய்ச்சலும் கொண்டுபோயின. மிஞ்சியவர்களில் நடுவில் பிறந்தவர் பெர்ல். தாய்நாட்டுக்கு விடுமுறையில் போனபோது, 1892ல் மேற்கு வர்ஜீனியாவில் தாய் பிறந்த வீட்டில் பிறந்து, சில மாதக் கைக்குழந்தையாகச் சீனாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்.

1921ல் கேரி ஜென்ஜியாங்கில் இறந்ததும் மகள் எழுத உட்கார்ந்தாள். பிரசுரத்துக்காக அல்ல, குடும்பத்துக்காக. எழுதி உள்ளே வைத்துவிட்டாள். 1927ல் நான்கிங்கில் வீடு சூறையாடப்பட்டபோது நாவல் ஒன்றின் கையெழுத்துப் பிரதி அழிந்துபோயிற்று. சுவர் அலமாரியில் இருந்த இது தப்பியது. பதினைந்து வருஷம் கழித்து அச்சேறியது. இந்தச் சரித்திரம் முக்கியமானது. ‘தி எக்ஸைல்’ பிறந்தபோது அதுவும் ஒரு கடிதம்தான். மிஷன் குடும்பங்கள் தாய்நாட்டுச் சபைக்கு எழுதிய நன்றிக் கடிதத்தின் முகவரியை மட்டும் மாற்றி, செத்துப்போன அம்மாவுக்குப் போட்டிருக்கிறாள் மகள். கடவுளுக்குப் போக வேண்டிய துதி, அவர் வேலையில் தேய்ந்துபோன பெண்ணுக்குப் போகிறது. இந்தத் துணிச்சல் பெரிதுதான். ஆனால் கடிதத்தின் இலக்கணம் மாறவில்லை.

ஒரு உதாரணம். வறட்சி வருஷம். மழை பெய்யாததற்கு வெள்ளைக்காரர்கள் ஊரில் இருப்பதே காரணம் என்று பேச்சு. இன்றிரவு வந்து கொல்லப்போகிறார்கள் என்று கேரிக்குத் தகவல் வருகிறது. ஆண்ட்ரூ வழக்கம்போல் ஊரில் இல்லை. அவள் கேக் சுடுகிறாள், தேநீர் தயாராக வைக்கிறாள், மேஜை மேல் கோப்பைகளை அடுக்குகிறாள், தூங்கும் குழந்தைகளை எழுப்பி உடுத்தி உட்கார வைக்கிறாள், வாசற் கதவைத் திறந்து போடுகிறாள். தடியும் கத்தியுமாக வந்தவர்களை விருந்தாளிகளைப் போல உள்ளே அழைக்கிறாள். வந்தவர்கள் திகைத்து நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு மழை வருகிறது.

கோப்பைகள் வரைக்கும் இது அபாரமான பகுதி. பயத்தில் ஒரு பெண்ணின் கைக்குத் தெரிந்தது வீட்டு வேலை ஒன்றுதான். அவள் கை அதைச் செய்கிறது. ஆயுதம் என்று அவளிடம் இருந்ததெல்லாம் மேஜை விரிப்பும் தேநீரும். தினசரி வாழ்க்கை தன் முழு பலத்தோடு நிற்கும் இடம் இது. ஆனால் மழை! மழை பெய்தே இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அது வந்து நிற்கும் இடத்தில் எனக்கு மிஷன் பத்திரிகையின் வாடை அடிக்கிறது. சரியான பத்தியில் வந்து சேரும் மழையைச் சபைக் கடிதங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். தாயைக் கடவுளின் இடத்தில் உட்கார வைத்த மகள், கடவுளுக்குரிய அற்புதத்தையும் அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறாள்.

புத்தகம் முழுக்க இப்படித்தான். தொடக்கத்திலேயே கேரி தான் உண்டாக்கிய அமெரிக்கத் தோட்டத்தில் நிற்கிறாள். சுற்றிலும் இருட்டாக ஒரு சீன நகரம். இந்த ஒளியும் இருளும் கடைசிவரை விலகுவதில்லை. அம்மா வெளிச்சமாக வேண்டும் என்றால் சீனா இருட்டாகத்தான் வேண்டும். சீனாவை உள்ளும் புறமும் அறிந்த, அந்த மொழியிலேயே வளர்ந்த பெர்ல் பக்கின் கையாலேயே இது நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். வீட்டில் வாங் என்ற ஆயா இருந்தாள். பெர்லை மடியில் போட்டு வளர்த்தவள், கதை சொன்னவள், கேரியின் குழந்தைகள் பிறந்ததையும் செத்ததையும் கூட இருந்து பார்த்தவள். அவளைப் பற்றிய பக்கங்கள் பிரியமானவை. ஆனால் அந்தப் பிரியம் கேரியின் நல்ல மனசுக்குச் சாட்சியாகவே வருகிறது. வாங் கேரிக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறாள். கேரி வாங்குக்கு என்ன கடன்பட்டாள் என்ற கணக்கு எழுதப்படவே இல்லை.

தமிழில் நன்றி என்று வாயால் சொல்லுவது சமீபத்திய பழக்கம். என் பாட்டி தலைமுறையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மோர் கொடுத்தவளை ‘நன்னா இரு’ என்பார்கள், அவ்வளவுதான். நமது கிறிஸ்தவர்களும் ‘ஸ்தோத்திரம்’ என்ற வடமொழிச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அது மேலே பார்த்துச் சொல்லுவது. குறளின் அதிகாரத் தலைப்பு செய்ந்நன்றி அறிதல். கூறுதல் அல்ல. அங்கே நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை. அதை அறிய வேண்டும் என்கிறது தலைப்பு. இந்த அறிதல் இருக்கிறதே, அது இலக்கியத்தின் வேலை. கூறுதல் உபசாரத்தின் வேலை. நம்மூர் மணிவிழா மலர்களையும் நினைவு மலர்களையும் புரட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். நூறு பேர் நன்றி கூறியிருப்பார்கள். மலருக்குரிய மனிதர் எப்படிச் சாப்பிட்டார், யாரிடம் கோபப்பட்டார், எதற்குப் பயந்தார் என்று ஒரு வரி அகப்படாது. தமிழில் நல்ல வாழ்க்கைச் சரிதம் இவ்வளவு அபூர்வமாக இருப்பதற்கு நம் நன்றியுணர்ச்சியே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

‘ஃபைட்டிங் ஏஞ்சல்’ இந்த வியாதி தொடாத புத்தகம். ஆண்ட்ரூ யாருக்கும் நன்றி சொல்லாத மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு ரயிலடிக்கு வந்து சேர்ந்தவர் தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். கல்நெஞ்சம் என்று சொல்லமுடியாது. இன்னொருவரும் கூட வருகிறார் என்பது அவர் பிரக்ஞையில் இல்லை, அவ்வளவுதான். பெர்ல் பக் இதைப் புகாராகச் சொல்வதில்லை. சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். தாயின் புத்தகத்தில் இதே எழுத்தாளர் என்றால் அங்கே நின்று ஒரு பத்தி பெருமூச்சு விட்டிருப்பார்.

ஆண்ட்ரூவின் வாழ்நாள் வேலை புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து, சாதாரண ஜனங்கள் படிக்கக்கூடிய பேச்சுச் சீனத்தில் பெயர்ப்பது. கமிட்டி போட்டு மற்ற மிஷனரிகள் செய்த மொழிபெயர்ப்பு அவருக்குத் திருப்தி தரவில்லை. தனியாகச் செய்தார், திருத்தினார், அச்சிட்டார், மறுபடி திருத்தினார், மறுபடி அச்சிட்டார். எல்லாம் சம்பளப் பணத்தில். மாண்ட்கோமரி வார்ட் பட்டியலில் ஒரு பெரிய பொம்மை இருந்தது. சிறுமி பெர்ல் வருஷக் கணக்காக அதற்கு ஆசைப்பட்டாள். அது வரவே இல்லை. பொம்மைக்கான பணம், தாயின் உடைக்கான பணம், எல்லாம் புதிய ஏற்பாட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நன்றிக் கடிதத்தில் இந்தப் பொம்மைக்கு இடமே இருக்க முடியாது. தியாகம் என்ற பெயரில் ஒருவேளை நுழைந்திருக்கலாம். இங்கே அது தியாகம் அல்ல. ஒரு குழந்தைக்குக் கிடைக்காத பொம்மை. ஐம்பது பக்கம் தாண்டியும் அது கண்ணிலேயே நிற்கிறது. ஒரு மிஷனரி வீட்டின் பொருளாதாரம் முழுவதும் அந்தப் பொம்மைக்குள் இருக்கிறது.

இந்தப் புத்தகத்தில் சிரிப்பும் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தலையில் தண்ணீர் தெளித்தால் போதுமா, ஆளையே முக்க வேண்டுமா என்று பாப்டிஸ்ட் மிஷனரி ஒருவரோடு ஆண்ட்ரூ நடத்திய நீண்ட யுத்தம், சாப்பாட்டு மேஜையில் குழந்தைகள் காதில் விழுந்த கோணத்திலேயே சொல்லப்படுகிறது. கோடிக்கணக்கான அஞ்ஞானிகள் நடுவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் தண்ணீரின் அளவுக்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இதைவிட ஆச்சரியம், இவ்வளவும் சொன்ன பிறகு ஆண்ட்ரூ சிறுத்துப் போவதில்லை. சந்தேகம் என்பதே தொடாமல் ஒரு வாழ்நாளைக் கழித்தவனின் பயங்கரமும் அழகும் அவரிடம் இருக்கிறது. அவர் சந்தோஷமான மனிதர். அந்த சந்தோஷத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். இரண்டையும் ஒருசேரப் பார்க்க மகளால் முடிந்தது. தந்தையிடம் அவளுக்குக் கடன் பாக்கி இல்லை, அதனால்தான். 1921க்குப் பிறகு நான்கிங்கில் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள். 1931ல் லூஷான் மலையில் இளைய மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் இறந்தார். யாங்ட்ஸீ பெருவெள்ளத்தால் மூத்த மகள் சவ அடக்கத்துக்குப் போக முடியவில்லை. கடைசிப் பக்கங்களில் துக்கம் அதிகம் இல்லை. ஒரு வினோதமான பறவை பறந்து போய்விட்டதைப் பார்ப்பது போன்ற வியப்புதான் இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தேய்ந்துபோன பெண்ணுக்கு நன்றி சொல்லும் புத்தகத்தைக் குறைத்து, அவளைத் தேய்த்த ஆணைப் பற்றிய புத்தகத்தை உயர்த்துவது பழைய அநியாயத்தையே விமர்சனத்திலும் தொடர்வது ஆகாதா? நன்றியே கிடைக்காதவளுக்கு மகளாவது கொடுத்தாளே! நியாயமான கேள்விதான். ஆனால் ‘தி எக்ஸைல்’ கேரிக்குக் கொடுப்பது என்ன? அவள் கொதித்தாள், வெறுத்தாள், கடவுளிடமிருந்து கேட்ட அடையாளம் கடைசிவரை கிடைக்காமலே உழன்றாள். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மகள் ஓடி வந்து அதன் மேல் ஒரு பூப்போட்ட விரிப்பைப் போட்டுவிடுகிறாள். விரிப்பு விலகும் இடம் ஒன்று உண்டு, சாவுப் படுக்கை. ஷாங்காயிலிருந்து வந்த நர்ஸிடம் கேரி, இந்தக் காலத்து ஃபாக்ஸ் ட்ராட் நடனம் எப்படி இருக்கும், ஆடிக் காட்டு என்கிறாள். அவள் ஆடுகிறாள். பார்த்து ரசித்துவிட்டு, ஆண்ட்ரூவின் கடவுள் இந்த விஷயங்களில் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள். கணவரையோ, நீங்கள் போய் உங்கள் அஞ்ஞானிகளை ரட்சியுங்கள் என்று அனுப்பிவிடுகிறாள். நாற்பது வருஷம் துதி பாடிய வீட்டில் ஒருத்தி கடைசியில் துதி பாட மறுக்கிறாள். இந்த நாலைந்து பக்கங்களில் நன்றி என்ற சமாசாரமே இல்லை. புத்தகம் முழுக்க இப்படி எழுதப்பட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

பெர்ல் பக்குக்கு நன்றியை அறியத் தெரியாது என்பதல்ல. 1927 மார்ச் 24ந் தேதி நான்கிங்கில் வெள்ளைக்காரர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். பல்கலைக்கழக உபதலைவர் வில்லியம்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். கிழத் தந்தை, கணவர், குழந்தைகள், தங்கை குடும்பம் என்று அத்தனை பேரையும் லூ என்ற ஏழைப் பெண் தன் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒளித்து வைத்தாள். முன்பு பெர்ல் பக் அவளுக்கு உதவி செய்திருந்தார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. பகல் முழுக்கக் குழந்தைகளைச் சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டும். வெளியே அவர்கள் வீடு சூறையாடப்படும் சத்தம். கண்டுபிடித்தால் லூவும் சாக வேண்டியதுதான். 1954ல் வெளிவந்த ‘மை ஸெவரல் வோர்ல்ட்ஸ்’ என்ற சுயசரிதையில் இது வருகிறது. உருக்கம் அதிகம் இல்லாமல், உட்கார்ந்திருந்த பலகை, அடைத்த கதவு என்று எழுதியிருக்கிறார். லூவை தேவதையாக்கவில்லை. அவளுக்குப் புத்தகம் எதுவும் சமர்ப்பணம் ஆகவில்லை. அறிதல் என்று நான் சொன்னது ஏறக்குறைய இதைத்தான்.

ஐந்து வருஷம் கழித்து, 1932 நவம்பரில், நியூயார்க்கில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்மணிகள் கூட்டிய விருந்தில், வெளிநாட்டு மிஷன்களுக்கு நியாயம் உண்டா என்று அவர் பேசியதில் இந்தக் குடிசைக்குப் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். தான் பார்த்த மிஷனரிகள் பலர் எந்த ஜனங்கள் நடுவில் வாழ்ந்தார்களோ அவர்களுடைய நாகரிகத்தின் அருமை தெரியாதவர்களாக இருந்தார்கள் என்பது அவர் சாட்டிய குற்றங்களில் ஒன்று. இதைவிட நாசூக்கில்லாமல் அந்தச் சபையில் யாரும் பேசியிருக்க முடியாது. பணம் கொடுப்பவர்களின் எதிரிலேயே, நன்றி சொல்ல வேண்டியவர்கள் வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தோம் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். 1933ல் மிஷனிலிருந்து ராஜினாமா செய்தார். ‘ஃபைட்டிங் ஏஞ்ச’லின் தெளிவு ராஜினாமா செய்தவரின் தெளிவு. ‘தி எக்ஸைல்’ எழுதியபோது அவர் இன்னும் மிஷனுக்குள்தான் இருந்தார்.

1944ல் இரண்டையும் சேர்த்து ஆன்மாவும் உடலும் என்று அர்த்தம் வரும் தலைப்பில் ஒரே பதிப்பாகக் கொண்டுவந்தார்கள். ஆன்மா அப்பா, உடல் அம்மாவாம். பிரசுரகர்த்தர்களுக்கு இப்படி ஜோடி சேர்ப்பதில் என்ன திருப்தியோ! ஆர்கனைக் கட்டிச் சுமந்துகொண்டு போனவளிடம் ஆன்மா குறைவு என்றோ, குடும்பத்தின் சாப்பாட்டுப் பணத்தை அச்சகத்தில் கொட்டியவரிடம் உடலின் பிடிவாதம் குறைவு என்றோ இரண்டு புத்தகங்களில் எதுவும் சொல்லவில்லை. தனித்தனியாகக் கிடைத்தால் தனித்தனியாகவே படிப்பது நல்லது. தந்தையின் புத்தகத்தை முதலில் படித்துவிட்டுத் தாயின் புத்தகத்துக்கு வருகிறவருக்கு, விரிப்புகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும். பிரசுரமான வரிசை இதற்கு நேர் எதிர்.